ஆனைக்கு இட்ட பெயர்கள்



உயர்தர வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக ஆங்கிலப் பந்தியொன்றை ஒருநாள் கொடுத்திருந்தேன். ஆங்கிலேயர் காலத்து இலங்கை வாழ்க்கையைப் பற்றிய பந்தி அது. அதிலே 'பிக் கேம்' என்றொரு தொடர் வந்தது. திருத்துவதற்காகக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டோர் 'பெரிய விளையாட்டு' என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் வகுப்பிலே அதைச் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. நான் கரும்பலகையில் 'பெருவேட்டை விலங்கு' என்று எழுதி, யானை, காட்டெருமை, மரை, கரடி, சிறுத்தை முதலியவற்றை ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர் என்று விளக்கினேன். அப்பொழுது பின்வாங்கிலே இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். வன்னிக் கிராமமொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன்.

"சேர், எங்கடை வயலுக்கை வாற ஆனையும் 'கேம்' தானோ?" என்று கேட்டான்.

ஏதோ ஒரு மறுமொழி சொல்லிச் சமாளித்தேன். மணியும் அடித்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. ஒரு விலங்குக்குச் சட்டம் என்ன பெயர் இடுகிறது, அந்தப் பெயர் யாருக்கு எதைத் தருகிறது, யாரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலின் பயனே இன்றைய உரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் வேட்டம் என்றும் வேட்டை என்றும் சொல்கிறோம். பழந்தமிழ்ப் புலவர்கள் காட்டில் மானைத் துரத்துவதையும் வேட்டம் என்றனர். கடலில் மீன் பிடிப்பதையும் வேட்டம் என்றனர். பெரியது சிறியது என்ற பாகுபாடு அச்சொல்லில் இல்லை. வல்வில் ஓரியின் அம்பைப் புறநானூற்றிலே வன்பரணர் பாடுகின்றார். அந்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து சென்று உடும்பிலே தைக்கிறது. ஆனை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களை ஒரே வரிசையில் நிறுத்திய புலவருக்கு, எது 'பெருவேட்டை', எது 'சிறுவேட்டை' என்ற கேள்வி எழவே இல்லை. கண்ணப்ப நாயனாரின் குலத்தவர்க்கும் வேட்டை என்பது குலத்தொழில், அன்றாட உணவு. அது விளையாட்டு அன்று.

ஆங்கிலத்திலோ 'கேம்' என்ற ஒரே சொல் விளையாட்டையும் குறிக்கும். வேட்டையாடப்படும் விலங்கையும் குறிக்கும். ஆகவே என் மாணவர் செய்த பிழை முழுப் பிழை என்று சொல்லிவிட முடியாது. உணவுக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காக வேட்டையாடும் உயர்குடியினரின் வழக்கிலிருந்தே அச்சொல் அப்பொருளைப் பெற்றது.

இங்கிலாந்தின் பழைய வேட்டைச் சட்டங்களை நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். அச்சட்டங்கள் எதை வேட்டையாடலாம் என்பதைக் காட்டிலும் யார் வேட்டையாடலாம் என்பதிலேயே கூடுதல் அக்கறை கொண்டிருந்தன. 1671 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டுக்கு நூறு பவுண் வருமானம் தரும் சொந்த நிலமோ, நூற்றைம்பது பவுண் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ உள்ளவருக்கும், உயர்குடியினர் சிலரின் வாரிசுகளுக்குமே வேட்டை உரிமை உண்டு. தன் சொந்தத் தோட்டத்தில் பயிரை மேயும் முயலைக்கூடச் சிறு விவசாயி கொல்ல முடியாது. கொன்றால் அவன் வேட்டைக்காரன் அல்லன், திருடன்.

1831 இல் வந்த சட்டம் இந்த நிலத் தகுதியை நீக்கியது. கட்டணம் செலுத்தி அநுமதிப்பத்திரம் எடுத்தவர் வேட்டையாடலாம் என்றாயிற்று. அத்தோடு, 'கேம்' என்றால் என்ன என்பதற்கு வரைவிலக்கணமும் வகுக்கப்பட்டது. முயல், கௌதாரி, பெசன்ற், குறவுஸ் முதலிய சிற்றுயிர்களின் பட்டியலே அது. மான் கூட அப்பட்டியலில் இல்லை. பறவைகள் இனப்பெருக்கம் செய்யும் மாதங்களில் சுடக்கூடாது என்று காலமும் குறிக்கப்பட்டது. அநுமதிப்பத்திரம், பட்டியல், தடைக்காலம் ஆகிய இம்மூன்றுமே பிற்கால வேட்டைச் சட்டங்கள் அனைத்துக்கும் அடித்தளம் எனலாம். முயலுக்கும் கௌதாரிக்கும் வெட்டிய இந்தச் சட்டையைத்தான் ஆங்கிலேயர் பின்னர் நமது நாட்டு யானைக்கும் அணிவித்துப் பார்த்தனர்.

யானை அதற்கு முன்னர் இங்கு என்ன பெயரோடு வாழ்ந்தது? அது அரசனின் உடைமை. கண்டி அரசர் காலத்தில் யானையைக் கொல்வது மிகப் பெரிய குற்றங்களுள் ஒன்று. வடக்கிலே வன்னியர் தலைவர்கள் யாழ்ப்பாண அரசனுக்கும், அவனுக்குப் பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக யானைகளைக் கொடுத்தனர். காட்டில் யானை பிடிக்கும் வித்தை பணிக்கர்களிடம் இருந்தது. பிடிபட்ட யானைகள் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டுக்கு வந்த இடம் இன்றும் ஆனையிறவு என்றே வழங்குகிறது. ஊர்காவற்றுறையிலிருந்து அவை கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. அவ்வூருக்குரிய 'கைற்ஸ்' என்ற மறுபெயர்கூட, யானை ஏற்றும் துறை என்ற கருத்தில் போர்த்துக்கேயர் வைத்த பெயரின் எச்சமே என்பர். யானை அன்று பணம் தரும் பொருள். ஆகவே அதைக் கொல்வது அரசனின் பெட்டகத்தில் கை வைப்பதற்குச் சமம்.

ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றதும் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. யானை வணிகம் மங்கியது. பயிர்ச்செய்கையும் வீதிகளும் பெருகின. யானை இப்போது இடைஞ்சல். பயிரை அழிக்கும் பீடை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. யானையைக் கொன்றவருக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றக் காரியதரிசியாக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டனவாம். ஒரு தலைக்குச் சில சிலிங்கே வெகுமதி. அன்றைய வட மாகாணம் அநுராதபுரப் பகுதியையும் உள்ளடக்கியிருந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். என்றாலும் அந்த எண்ணிக்கையை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் காணப்பட்ட காட்டு யானைகள் 5879. ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெகுமதிக்காகக் கொன்றவர் ஒருபுறம். விளையாட்டுக்காகக் கொன்றவர் மறுபுறம். பதுளையில் அரசாங்க உத்தியோகம் வகித்த மேஜர் றொஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று அக்காலத்து நூல்கள் சொல்கின்றன. அவர் 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவரது கல்லறை உண்டு. யானைகளின் சாபமே இடியாக விழுந்தது என்று மக்கள் கதை கட்டினர். நுவரெலியாவில் 1848 இல் குடியேறிய சாமுவேல் பேக்கர், தமது வேட்டை அனுபவங்களை 1850 களில் இரண்டு நூல்களாக எழுதினார். இலண்டனில் அவற்றை விரும்பி வாசித்தனர். நூல் எழுதிய பேக்கருக்குப் புகழ் கிடைத்தது. அவருக்குத் தடம் காட்டிக் காட்டுக்குள் அழைத்துச் சென்ற ஊரவர்க்கு அது கிடைக்கவில்லை.

இவ்வளவு கொன்ற பின்னர்தான் குறைகிறதே என்ற கவலை வந்தது. கடலுக்கு அப்பால், அதே ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் இக்கவலை சற்று முந்தியது. 1879 இல் அங்கே யானைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. காட்டு யானையைக் கொல்வதோ காயப்படுத்துவதோ பிடிப்பதோ குற்றம் என்று அது விதித்தது. மீறினால் யானையொன்றுக்கு ஐந்நூறு ரூபா வரை தண்டம். மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் விலக்குகளும் இருந்தன. தன்னையோ பிறரையோ காப்பதற்காகக் கொல்லலாம். வீட்டையோ பயிரையோ அழிக்கும்போது கொல்லலாம். பெருவீதி, புகையிரதப் பாதை, கால்வாய் ஆகியவற்றின் அருகே கண்டாலும் கொல்லலாம். அநுமதிப்பத்திரம் இருந்தாலும் கொல்லலாம். அதாவது காட்டுக்குள் நிற்கும் வரைதான் யானை பாதுகாக்கப்பட்ட விலங்கு. வீதி ஓரத்துக்கு வந்ததும் அப்பாதுகாப்பு கழன்றுவிடும்.

அதே 1879 இல் நீலகிரிக்கென்று தனிச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது. அதில் 'கேம்' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட பட்டியலில் மான் வகைகளோடு 'ஐபெக்ஸ்' என்ற ஒரு பெயரும் உண்டு. ஐபெக்ஸ் என்பது ஐரோப்பிய மலைகளில் வாழும் ஒரு காட்டாடு. நீலகிரியில் அது இல்லை. அங்குள்ளது வரையாடு. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய அதே விலங்கு. ஈராயிரம் ஆண்டாகப் பெயரோடு வாழ்ந்த ஓர் உயிர், தன்னைக் காக்க வந்த சட்டத்திலே பிறநாட்டு ஆடொன்றின் பெயரைத் தாங்கி நின்றது. அப்பட்டியலில் புலி இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அது அழிக்கப்பட வேண்டிய கொடிய விலங்காகக் கருதப்பட்டமையால் அதற்குத் தடைக்காலமும் இல்லை.

இலங்கைக்கு மீள்வோம். 1891 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் தலைப்பே பாடம் சொல்லும். யானைகளும் எருமைகளும் 'ஏனைய கேம்' விலங்குகளும் வீணே அழிக்கப்படுவதைத் தடுக்கும் சட்டம் அது. இங்கே இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 'ஏனைய' என்ற சொல்லால் யானையும் 'கேம்' வகைக்குள் சேர்ந்துவிட்டது. 'வீணே' என்ற சொல்லால், வீணல்லாத அழிவு ஒன்று உண்டு என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த வீணல்லாத அழிவுக்குப் பெயர் அநுமதிப்பத்திரம். அது இல்லாமல் யானையைச் சுடக்கூடாது என்றாயிற்று.

1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதை அமைத்தோரிற் பலர் தாமே வேட்டைப் பிரியர்கள். வேட்டை தொடர்ந்து நடைபெற வேண்டுமானால் விலங்கு மிஞ்ச வேண்டும் என்று உணர்ந்தவர்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர்கள் முயலாதிருந்தால் யாலவும் வில்பத்துவும் நமக்குக் கிடைத்திரா. 1900 இல் இவ்விரு காடுகளும் ஒதுக்கப்பட்டன. ஆனால் யாலவை அடுத்து ஒரு பகுதி 'வதிவுள்ள விளையாட்டு வேட்டையாளர்' என்போருக்கென்று தனியாக விடப்பட்டது. இந்த நாட்டில் வதியும் கனவான் வேட்டைக்காரர் என்பது அதன் பொருள். அந்தக் காட்டின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக வதிந்த கிராமத்தவன், 'வதிவுள்ளவன்' என்ற அச்சொல்லுக்குள் அடங்கவில்லை!

அக்காட்டுக்கு முதற் காவலராக நியமிக்கப்பட்டவர் எங்கெல்பிரெக்ற் என்ற போயர் இனத்தவர். தென்னாபிரிக்கப் போரில் கைதியாகி இங்கு கொண்டுவரப்பட்டவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்தமையால் ஊர் திரும்ப இயலாது போனவர். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனாட் வூல்ஃப். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலும் கடமையாற்றியவர். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது வூல்ஃபின் தொழில். ஆனால் நாடு திரும்பி அவர் 1913 இல் வெளியிட்ட 'காட்டிலே ஒரு கிராமம்' என்ற நாவலின் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். காட்டை அறிந்தவன்; நீதிமன்றத்தின் மொழியை அறியாதவன். நீதிபதியின் ஆசனத்தில் இருந்த ஒருவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் பக்கத்திலிருந்து எழுதிய நூல் அது. வேட்டைக்காரனின் வாழ்வைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடுவோர் அந்நாவலையும் படிக்க வேண்டும்.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938 இல் நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்வது அதுதான். அது காட்டை மூன்று வளையங்களாகப் பிரித்தது. எவரும் இலகுவிற் புக முடியாத கடும் இயற்கை ஒதுக்கம் ஒன்று. பார்ப்பதற்கு மட்டும் இடந்தரும் தேசியப் பூங்கா இரண்டாவது. அநுமதிப்பத்திரத்தோடு வேட்டையாடக்கூடிய இடைநிலை வலயம் மூன்றாவது. விலங்குக்கு இந்தக் கோடுகள் தெரியா. ஒரே யானை காலையில் பூங்காவில் காட்சிப்பொருள். மாலையில் கோட்டைத் தாண்டினால் வேறு சட்டத்துக்கு உட்பட்ட வேறு விலங்கு. காலப்போக்கில் விளையாட்டு வேட்டையும் மறைந்தது. 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் தண்டனைகளைக் கடுமையாக்கின. கொம்பன் யானையைக் கொன்றால் தண்டனை மேலும் பெரிது. அலியனுக்கும் பிடிக்கும் உயிர் ஒன்றுதான் என்றாலும், தந்தத்துக்காகக் கொல்லும் ஆசையை அடக்க அவ்வேறுபாடு வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் விசேட வேட்டை விலங்கு, பெருவேட்டை விலங்கு, சிறுவேட்டை விலங்கு, பீடை என்று அட்டவணை இட்டது. முதல் மூன்றுக்கும் தனித்தனி அநுமதிப்பத்திரங்களும் இருந்தன. 1991 இல் வந்த திருத்தம் அந்த அநுமதிப்பத்திரங்களை ஒழித்தது. 'பெருவேட்டை விலங்கு' என்ற பெயரும் சட்டத்திலிருந்து நீங்கியது. ஆனால் 'வேட்டை' என்பதன் வரைவிலக்கணம் விரிந்தே நிற்கிறது. கொல்வது மாத்திரம் வேட்டை அன்று. கண்ணி வைத்தல், பொறி வைத்தல், துரத்துதல், இரை வைத்தல், இவற்றுக்கு முயலுதல் யாவும் வேட்டை. பறவையின் கூட்டைக் குலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டை. எனக்குத் தெரிந்த வரைவிலக்கணங்களுள் இது மனத்தைத் தொடுவது. சட்டமும் சில வேளைகளிற் கவிஞனைப்போல் நுணுகி நோக்குகிறது.

இனி என் மாணவனின் கேள்விக்கு வருவோம். அவன் ஊர் வயலுக்கு வரும் ஆனையின் பெயர் என்ன? அரசர் காலத்தில் அது திறைப்பொருள். 1840 களில் பீடை. 1891 இல் 'கேம்'. 1938 இன் பின்னர் பாதுகாக்கப்பட்ட விலங்கு. யானை மாறவில்லை. அதே குளம், அதே பாலை மரம், அதே தடம். மாறியது பெயர். ஆனால் ஆனையின் பெயர் மாறிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்ற மனிதனின் பெயரும் மாறியது என்பதே நான் இத்தேடலிற் கண்டது. திறைப்பொருளாக இருந்தபோது அதைக் கொன்றவன் அரசத் துரோகி. பீடையாக இருந்தபோது கொன்றவன் வெகுமதி பெற்ற நல்ல குடிமகன். 'கேம்' ஆனதும், றைபிளும் பத்திரமும் உள்ளவர் கனவான். இடியன் துவக்கோடு நின்றவன் கள்ள வேட்டைக்காரன். ஒரு தகப்பன் வெகுமதி வாங்கிய அதே செயலுக்காக மகன் மறியலுக்குப் போயிருக்கக்கூடும்.

இன்று யானையை வேட்டையாட எவருக்கும் பத்திரம் கிடையாது. அது சரியே. ஆயினும் 2019 இலும், 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகள் இந்நாட்டில் இறந்தன. அவ்வாண்டுகளில் யானையால் இறந்த மனிதரும் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல். பன்றிக்கென்று தீனிக்குள் மறைத்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' வெடியைக் கடித்து வாய் சிதைந்து நாட்கணக்காகப் பட்டினி கிடந்து சாகின்றன யானைக் குட்டிகள். கட்டுத்துவக்கும், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் தம் பங்கைச் செய்கின்றன. இவற்றை வைத்தவனைக் கேட்டால், 'நான் ஆனைக்கு வைக்கேல்லை' என்பான். அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வேட்டைக்காரன் இல்லை, வேட்டையும் இல்லை, ஆனால் யானை செத்துக் கிடக்கிறது. அவனும் விடிய விடியக் காவற் பரணில் யானை வெடியோடு விழித்திருந்து, கடன்பட்டு விதைத்த நெல்லை ஓர் இரவில் இழந்தவன். அவனுக்கு நட்டஈடும் நல்ல யானை வேலியும் வேளைக்குக் கிடைத்தால், அந்த வெடியின் தேவை குறையும். தண்டனையைக் கூட்டிய சட்டம் இந்தப் பக்கத்தையும் அதே கண்டிப்போடு எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுவாரம் வகுப்பிலே இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். பின்வாங்கு மாணவன் கவனமாகக் கேட்டான். முடிவிலே, "அப்ப சேர், சட்டத்திலை ஆனைக்கு நாலைஞ்சு பேர் இருக்கு. வயல்காரனுக்கு என்ன பேர் போட்டிருக்கினம்?" என்றான்.

இம்முறை மணி அடிக்கவில்லை. ஆனாலும் என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவனது கொப்பியில் 'பெரிய விளையாட்டு' என்று எழுதியிருந்ததன் மேல் நான் இட்ட சிவப்புக் கோட்டை மட்டும் அழித்துக் கொடுத்தேன்.